தீப்பெட்டி எங்கே இருக்கிறது?

குழந்தை தவழத் தொடங்கியதும் வீட்டில் ஒரு புதுச் சட்டம் அமுலுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மசோதாவும் இல்லை, விவாதமும் இல்லை, கெஜட்டில் பிரசுரமும் இல்லை. அதுவரையில் அடுப்பு மேடையில் கிடந்த தீப்பெட்டி அன்று முதல் மேல் அலமாரிக்கு ஏறிவிடுகிறது. அரிவாள்மணை கைக்கெட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. ராத்திரி படுக்கப் போகுமுன் காஸ் குழாயை மூடினோமா என்று எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வராத இல்லத்தரசி தமிழ் நாட்டில் இருப்பாள் என்று நமக்குத் தோன்றவில்லை.

கொடுங்கையூரில் குடியிருக்கும் தாய்மார்களும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் இந்தச் சட்டம் செல்லுபடியாவதில்லை. ஊரை ஒட்டி 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கிறது மாநகராட்சியின் குப்பை மேடு. கோடையில் அது பற்றிக்கொண்டால், மேல் அலமாரியில் தீப்பெட்டியை வைத்த வீட்டுக்குள்ளேயே புகை வந்து குந்திக்கொள்கிறது. வடக்கே மணலி: எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை, ரசாயனத் தொழிற்சாலைகள், கப்பலிலிருந்து இறங்கிய பெட்டிகளை அடுக்கி வைக்கும் கிடங்குகள். கிழக்கே தண்டையார்பேட்டையில் எண்ணெய்த் தொட்டிகள். சாலையை அடைத்துக்கொண்டு போகும் கண்டெய்னர் லாரிக்குள் இருப்பது நூலா, பட்டாசா, விஷமா என்பது சாலையோரத்தில் நிற்பவருக்குத் தெரியாது.

துப்பாக்கி, வெடிமருந்து, வெடிக்கக்கூடிய ரசாயனம் ஆகிய இவற்றை யார் வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றி நம் நாட்டில் சட்டம் நிறைய இருக்கிறது. அவை எங்கே உறங்குகின்றன, பக்கத்தில் யார் உறங்குகிறார்கள் என்ற கேள்விதான் போதிய அளவு கேட்கப்படவில்லை. அந்தக் கேள்வியை இந்த வாரம் நாம் கேட்க விரும்புகிறோம்.

மணலியில் ஐந்து வருஷம்

2015-ம் வருஷத்தில் சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட்டைச் சென்னையில் சுங்க இலாகாவினர் பறிமுதல் செய்தார்கள். பார்ப்பதற்கு உப்பைப் போல வெள்ளை வெளேர் என்றிருக்கும் பொருள் இது. வயலுக்குப் போனால் உரம். எண்ணெயோடு கலந்து கல் குவாரிக்குப் போனால் வெடி. சும்மா கிடக்கும்போது பரம சாது. அடைபட்ட இடத்தில் பெருந் தீ அதைச் சூழ்ந்துகொண்டாலோ ஊரையே புரட்டிவிடும்.

பறிமுதலான சரக்கு 37 பெட்டிகளில் மணலியில் உள்ள ஒரு கிடங்கில் வைக்கப்பட்டது. வழக்கு நடந்தது. அந்த வருஷத்துப் பெருமழையில் கொஞ்சம் கெட்டுப்போயிற்று. சுமார் 697 டன் மிஞ்சியது. வருஷங்கள் உருண்டன. சரக்கு உருளவில்லை.

2020 ஆகஸ்டு 4-ந் தேதி லெபனான் தேசத்துத் தலைநகரான பெய்ரூட்டில், துறைமுகக் கிடங்கில் பல வருஷமாய்க் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. இருநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். நகரத்தில் பாதி கண்ணாடிச் சில்லாயிற்று. அதற்குப் பிறகுதான், "நம் ஊரிலும் இப்படி ஏதேனும் கிடக்கிறதோ?" என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிடந்தது!

இரண்டு கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்பே இல்லை என்று சுங்க இலாகா அறிக்கை விட்டது. நேரில் போய்ப் பார்த்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தாரோ, அதைவிட மிகக் கிட்டத்திலேயே ஆயிரக் கணக்கில் ஜனங்கள் குடியிருப்பதைக் கண்டு எழுதினார்கள். ஒரு சர்க்கார் இலாகாவின் கண்ணுக்குத் தெரியாத ஜனங்கள் மற்றோர் இலாகாவின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். நல்ல வேளை, தெரியாமலே போயிருந்தால் என்ன செய்வது?

ஆகஸ்டு 9-ந் தேதி முதல் பத்துப் பெட்டிகள் ஹைதராபாத்துக்குப் புறப்பட்டன. மற்றவையும் அந்த மாதத்திலேயே போய்ச் சேர்ந்தன. ஐந்து வருஷத்தில் நகராத சரக்கு ஐந்து நாளில் நகர்ந்தது. இதற்காக உத்தியோகஸ்தர்களைப் பாராட்டலாம். ஆனால் மணலிக் குழந்தைகளைக் காப்பாற்றுவதற்குப் பெய்ரூட்டுக் குழந்தைகள் சாக வேண்டியிருந்ததே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

எம்டன் கற்பித்த பாடம்

வட சென்னைக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 1914 செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு போட்டது. அது குறி வைத்தது கோட்டையையோ கவர்னர் மாளிகையையோ அல்ல. துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகளை. தொட்டிகள் பற்றி எரிந்தன. பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு கிராமங்களுக்கு ஓடினார்கள். "அவன் பெரிய எம்டன்" என்ற பேச்சு மட்டும் தமிழில் நிலைத்துவிட்டது. எண்ணெயைக் குடியிருப்பை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும் என்ற பாடம் அவ்வளவு உறுதியாக நிலைக்கவில்லை.

அதைவிடக் கொடிய பாடம் பம்பாயில் கிடைத்தது. 1944 ஏப்ரல் 14-ந் தேதி, விக்டோரியா துறையில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கைன் என்ற கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள் இருந்தது. கூடவே பஞ்சுப் பொதிகளும் இருந்தன. பஞ்சையும் வெடியையும் ஒரே வீட்டில் குடிவைத்த புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது? மத்தியானம் பஞ்சில் நெருப்புப் பிடித்தது. மாலை நாலு மணிக்குக் கப்பல் வெடித்தது. வெடிபொருள் ஏற்றிய கப்பல் சிவப்புக் கொடி பறக்கவிடுவது வழக்கம். யுத்த காலம் என்பதால் இந்தக் கப்பலில் கொடி ஏறவில்லை. நெருப்பை அணைக்கப் போன வீரர்களில் 66 பேர் மடிந்தார்கள். அவர்கள் நினைவாகவே ஏப்ரல் 14-ந் தேதி தேசமெங்கும் தீயணைப்புத் தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது.

பெய்ரூட்டிலும் இதே கதைதான். கிடங்கில் தீ என்று கேட்டவுடன் முதலில் ஓடிய தீயணைப்புப் படையினர் பத்துப் பேர். பத்துப் பேரும் திரும்பவில்லை. உள்ளே இருப்பது இன்னதென்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2015 ஆகஸ்டில் சீனாவின் டியான்ஜின் துறைமுகத்தில் 173 பேர் பலியானபோதும், அவர்களில் பெரும்பாலோர் நெருப்பணைக்கப் போனவர்களே.

இதிலிருந்து நமக்கு ஒன்று விளங்குகிறது. அபாயமான பொருளைக் காட்டிலும் அபாயமானது, அது அங்கே இருக்கிறது என்பதை மறைத்து வைப்பது.

லிட்டன் பிரபு பயந்தது எதற்கு?

நம் சட்டங்களில் இந்தக் குறை ஏன் நேர்ந்தது என்பதற்கு ஒரு பழங்கதை உண்டு. 1878-ல் லிட்டன் பிரபுவின் சர்க்கார் ஆயுதச் சட்டம் செய்தது. இந்தியன் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் குற்றம், ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு! துப்பாக்கி வெடித்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஆபத்து வருமே என்று லிட்டன் பிரபு கவலைப்படவில்லை. துப்பாக்கி தம் பக்கம் திரும்பிவிடுமே என்றுதான் கவலைப்பட்டார். ஜனங்களிடம் பயந்து செய்த சட்டம் அது. ஆகவே, "யார் கையில் இருக்கிறது?" என்ற ஒரே கேள்வியைத்தான் அது கேட்டது. ஒரு ஜாதியாரை முழுவதும் நிராயுதபாணிகளாக்கிய இந்த அவமானத்தைக் காந்தி மகான் கண்டித்தார். 1931-ல் கராச்சிக் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இடம் பெற்றது.

சுதந்திர இந்தியா 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் செய்தது. வெள்ளையர், கறுப்பர் என்ற பேதம் ஒழிந்தது. 2016-ல் வந்த விதிகள், துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளப் பயிற்சி பெற வேண்டும் என்கின்றன. 2019-ல் செய்த திருத்தத்தால் ஒருவர் மூன்றுக்குப் பதில் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள இயலாது. லைசென்ஸின் ஆயுள் மூன்று வருஷத்திலிருந்து ஐந்து வருஷமாயிற்று. எல்லாம் சரி. அந்த ஐந்து வருஷமும் துப்பாக்கி பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறதா, தோட்டா வேறிடத்தில் இருக்கிறதா, சாவி பையன் கைக்கு எட்டாமல் இருக்கிறதா என்று பார்ப்பவர் யார்? அமெரிக்காவில் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரசபை, வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவர் அதைப் பூட்டியே வைக்க வேண்டும் என்று 2007-ல் விதி செய்தது. வழக்கு மேல் கோர்ட்டு வரையில் போயிற்று, விதி நிலைத்தது. துப்பாக்கி மலிந்த அந்தத் தேசத்திலேயே ஒரு நகரம், "வைத்துக்கொள், ஆனால் பூட்டி வைத்துக்கொள்" என்று சொல்லத் துணிந்தது.

சர்க்காரே காவல் இருந்தால் போதும், ஆபத்தில்லை என்று யாரேனும் சொல்லக்கூடும். 2025 நவம்பர் 14-ந் தேதி ஸ்ரீநகரில் நௌகாம் போலீஸ் ஸ்டேஷனில் நடந்தது அவர்களுக்குப் பதில். கைப்பற்றிக் கொண்டுவந்து வைத்த வெடிபொருளிலிருந்து பரீக்ஷைக்கு மாதிரி எடுத்தார்கள். அது வெடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். சட்டத்துக்கு விரோதமாக வைத்தவனிடமிருந்து பிடுங்கியாயிற்று. ஆனால் வெடிமருந்துக்குச் சட்டம் தெரியாதே! திருடன் கையில் இருந்தாலும் போலீஸார் கையில் இருந்தாலும் அதன் குணம் ஒன்றுதான்.

நகரசபையால் ஆகக்கூடியது

ஸான் பிரான்ஸிஸ்கோ செய்ததைச் சென்னை மாநகராட்சி செய்ய முடியுமா? முடியாது. நம் அரசியல் சட்டத்தில் ஆயுதமும் வெடிபொருளும் மத்திய சர்க்காரின் ஜாபிதாவைச் சேர்ந்தவை. துப்பாக்கி லைசென்ஸ் கொடுப்பவர் போலீஸ் கமிஷனர். வெடிபொருள் கிடங்குக்கு அனுமதி தரும் இலாகா வேறு, துறைமுகம் வேறு, சுங்கம் வேறு. மணலி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. குப்பை வாரும் பொறுப்பு நகரசபைக்கு வந்தது. கிடங்கில் என்ன இருக்கிறது என்று கேட்கும் உரிமை தெளிவாக வரவில்லை.

ஆயினும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அதே அரசியல் சட்டத்தின் பன்னிரண்டாவது அட்டவணையில், நகரசபைகளிடம் ஒப்படைக்கத் தக்க காரியங்களுள் தீயணைப்பும் ஒன்றாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. வெடிபொருள் டில்லியைச் சேர்ந்ததாக இருக்கலாம். அது வெடித்தால் எரிகிற தெரு கொடுங்கையூரைச் சேர்ந்தது. ஆகையால் மாநகராட்சி மன்றம் கூடி நான்கு காரியங்களைக் கேட்டுத் தீர்மானம் செய்யலாம் என்பது நம் அபிப்பிராயம்.

முதலாவது, வட சென்னைக் கிடங்குகள் ஒவ்வொன்றிலும் இன்று என்ன சரக்கு, எவ்வளவு இருக்கிறது என்ற ஜாபிதா அந்தந்த வட்டாரத் தீயணைப்பு நிலையத்தில் இருக்க வேண்டும். வாரம் தவறாமல் திருத்தப்பட வேண்டும். இரண்டாவது, பறிமுதல் சரக்குக்குக் கெடு வேண்டும். அம்மோனியம் நைட்ரேட் விதிகளை 2021-ல் மத்திய சர்க்கார் திருத்தி, பறிமுதலானதை ஏலம் விட்டு விரைவில் அப்புறப்படுத்த வழி செய்திருக்கிறார்கள். கிடங்குகளில் தீயணைப்பு ஏற்பாட்டையும் சேர்த்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். மற்ற அபாயச் சரக்குகளுக்கும் இதே விதி வரட்டும். வழக்கு நடப்பதற்குக் கோர்ட்டில் ஒரு கைப்பிடி மாதிரி இருந்தால் போதும்; ஊர் நடுவில் 700 டன் எதற்கு? மூன்றாவது, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்போர் வீட்டில் பூட்டும் பெட்டியும் இருக்கின்றனவா என்று வருஷத்துக்கு ஒரு முறையாவது பார்க்கும்படி கமிஷனரைக் கேட்க வேண்டும். நான்காவது, அபாய மணி அடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது, கதவைத் திறப்பதா மூடுவதா என்பதைப் பகுதி சபையைக் கூட்டி ஜனங்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

"எங்கே வெடிமருந்து இருக்கிறது என்று பகிரங்கப்படுத்தினால் துஷ்டர்களுக்கு வழி காட்டியதாகாதா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கிடங்கின் சாவியைச் சுவரொட்டியில் ஒட்டும்படி நாம் சொல்லவில்லை. நெருப்பணைக்கப் போகிறவனுக்கு முழு ஜாபிதா. பக்கத்தில் குடியிருப்பவளுக்கு, இங்கே அபாயம் உண்டு, வந்தால் இப்படிச் செய் என்ற எச்சரிக்கை. இவ்வளவே நாம் கேட்பது. ரகசியம் துஷ்டர்களிடமிருந்து காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள், 66 தீயணைப்பு வீரர்களையும் அது காப்பாற்றியதா என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு கட்சியும் உண்டு: "தொழிற்சாலையால் அல்லவா வட சென்னை பிழைக்கிறது?" என்று. உண்மை. அடுப்பாலும்தான் குடும்பம் பிழைக்கிறது. அதற்காக அடுப்பை எந்தத் தாயும் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொள்வதில்லை.

பரதேச சர்க்கார் ஜனங்களைக் கண்டு பயந்து சட்டம் செய்தார்கள். நம் சர்க்கார் ஜனங்களுக்காகப் பயந்து சட்டம் செய்ய வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுங்கையூர்த் தாய் நன்றாக அறிவாள். தீப்பெட்டி யாருடையது என்று அவள் கேட்பதில்லை. எங்கே இருக்கிறது, குழந்தை எங்கே படுத்திருக்கிறது என்றுதான் பார்க்கிறாள்.