ஜாடி வேர்த்த கதை

போன மாசியில் என் மனைவி எலுமிச்சை ஊறுகாய் போட்டு, நான் ஆசைப்பட்டு வாங்கி வந்த புது ஜாடியில் நிரப்பினாள். வெளிர்நீல ஜாடி. உள்ளும் புறமும் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள். அந்தக் கோடுகளுக்காகத்தான் கேட்ட விலையைக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து, "ஏங்க, இந்த ஜாடி வேர்க்குது பாருங்க" என்றாள். அடியில் அலமாரிப் பலகை எண்ணெயும் உப்புமாக ஊறிக் கிடந்தது. அத்தனை ஊறுகாயும் குப்பைக்குப் போயிற்று.

கடைக்காரரைக் கேட்டேன். "அது டிசைன் சார்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதி உண்மை.

மண்பாண்டத்தின் மேல் பூசும் கிளேஸ் என்பது உருகிப் படிந்த கண்ணாடிதான். சூளையிலிருந்து ஆறும்போது மண்ணும் சுருங்கும், கண்ணாடியும் சுருங்கும். கண்ணாடி அதிகமாகச் சுருங்கினால், சின்னச் சட்டையை இழுத்துப் போட்ட மாதிரி அது பிளந்துகொள்ளும். சூளையை விட்டு வெளியே வந்த பிறகும் பாண்டம் 'டிங், டிங்' என்று ஒலித்தபடி புதுக் கோடு விடும்.

நான் படித்தது பிரெஞ்சில். அந்த மொழியில் இதற்கு இரண்டு சொல் உண்டு. வேண்டுமென்றே வரவழைத்த விரிசல் 'கிராக்லே'. தானாக வந்த குறை 'திரெசயாஜ்', அதாவது திடுக்கிட்டு நடுங்குவது என்ற பொருளில் பிறந்த சொல். பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான்.

இந்தக் குறையைக் கலையாக்கியவர்கள் சீனக் குயவர்கள். சோங் அரசர் காலத்துப் (960–1279) பாண்டங்களில் விரிசல்தான் அலங்காரம். 'கே' வகைப் பாண்டத்தில் கறுத்த பெரிய கோடுகளும் மஞ்சளான சிறு கோடுகளும் பின்னிக் கிடக்கும். 'தங்க நூல், இரும்புக் கம்பி' என்று அதற்குப் பெயர். கோடு எடுப்பாகத் தெரிய இன்றும் மையோ தேயிலைச் சாயமோ தேய்க்கிறார்கள். யோசித்துப் பாருங்கள்: மை உள்ளே இறங்குமானால் எலுமிச்சைச் சாறு இறங்காதா?

நம் புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு, 'ஸ்டோன்வேர்' என்ற சொல் நமக்கும் பழகிவிட்டது. 1,200 டிகிரிக்கு மேல் வெந்த அந்த மண் கல்லாக இறுகிவிடும். மேலே விரிசல் இருந்தாலும் நீரை அவ்வளவாகக் குடிக்காது. குறைந்த சூட்டில் வெந்த மண் அப்படியில்லை. பஞ்சு மாதிரி உறிஞ்சும். என் ஜாடி அந்த ரகம்.

விரிசல் கிளேஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் அழகு எனக்கு இன்னும் பிடிக்கிறது. விற்பவர் ஒரு துண்டுச் சீட்டில் 'அலங்காரத்துக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டட்டும், அது போதும். முப்பது வருஷம் கோப்பில் குறிப்பு எழுதியவன் சொல்கிறேன், ஒரு வரி எழுத அரை நிமிஷம் ஆகாது.

அதுவரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, பழைய செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அதில் ஊறுகாய், தயிர், காப்பி எதுவும் வேண்டாம். நனையாவிட்டாலும், கோடு விழுந்த இடத்தில் அழுக்கு தங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

என் நீல ஜாடியில் இப்போது பேனாக்கள் இருக்கின்றன. ஊறுகாய் மாமியார் கொடுத்த பழைய பழுப்பு ஜாடிக்கே திரும்பிவிட்டது.