இலவசப் பாட்டும் விலையில்லா மாங்காயும்

2025ஆம் ஆண்டு மாங்காய்ப் பருவத்தில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலுள்ள பங்காருபாளையம் நாடெங்கும் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் வழங்கும் தோத்தாபுரி மாங்காயை வாங்குவார் இல்லை. மாங்கூழ் ஆலைகளின் வாயிலில் டிராக்டர்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்தது. ஆலைகள் அந்த 8 ரூபாயைத் தரவும் முன்வரவில்லை என்று விவசாயிகள் குமுறினர். பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத காயைச் சாலையோரம் கொட்டிச் சென்றவர்களும் உண்டு. அப்படிக் கொட்டப்பட்ட காயை வழிப்போக்கர் எவரும் காசின்றி எடுத்துச் செல்லலாம். ஆனால் அதை விவசாயியின் ஈகை என்று எவரும் சொல்லத் துணியமாட்டார்கள்.

இசைக் கலைஞர்கள் தங்கள் ஆல்பங்களை இணையத்தில் இலவசப் பதிவிறக்கத்துக்குத் தரும்போது மட்டும் அது சுதந்திரத்தின் அடையாளமாகக் கொண்டாடப்படுகிறது. அந்தக் கொண்டாட்டத்தில் உண்மையும் இருக்கிறது, மறைக்கப்படும் ஒன்றும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

உண்மை இதுதான். இங்கிலாந்தின் ரேடியோஹெட் குழு 2007 அக்டோபரில் ‘இன் ரெயின்போஸ்’ ஆல்பத்தை இணையத்தில் வைத்து, விரும்பிய விலையைத் தரலாம், தராமலும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. டில்லியின் இந்தியன் ஓஷன் குழு 2010இல் ‘16/330 கஜூர் ரோடு’ ஆல்பத்தின் ஏழு பாடல்களை மாதம் ஒன்றாகத் தன் இணையதளத்தில் இலவசமாகத் தந்தது. அக்குழு பல ஆண்டுகள் பயிற்சி செய்த வீட்டின் முகவரியே அந்தத் தலைப்பு. 2009 டிசம்பரில் மறைந்த தபலாக் கலைஞரும் பாடகருமான அஷீம் சக்ரவர்த்தியின் குரலும் அதில் இருந்தது. இசைத்தட்டு நிறுவனம் என்ற இடைத்தரகு இல்லாமலே பாட்டு மக்களிடம் போய்ச் சேரும் என்பதை இவ்விரு முயற்சிகளும் நிறுவின. ஏகபோகத்தின் பிடியிலிருந்து படைப்பை விடுவிக்கும் எந்த முயற்சியையும் இடதுசாரிகள் வரவேற்கவே செய்வர்.

மறைக்கப்படுவது என்ன? இலவசமாகத் தந்த அந்தக் குழுக்களுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. நுழைவுச் சீட்டு வாங்கி வந்து கேட்கும் கூட்டம் இருந்தது. ஆல்பத்தில் இழந்ததை மேடையில் ஈட்ட முடிந்தது. அதாவது, விலையைப் பூஜ்யமாக வைக்கும் முடிவு அவர்கள் கையில் இருந்தது. அந்த நிலையில் இல்லாத ஆயிரக்கணக்கான கலைஞர்களுக்குப் பூஜ்யத்தை வேறொருவர் நிர்ணயிக்கிறார். பங்காருபாளையத்துக் காய்க்கு ஆலை விலை வைப்பதைப் போல, பாட்டுக்கு இன்று செயலி விலை வைக்கிறது.

பழைய இடைத்தரகர் போன இடத்தில் அவரைவிடப் பெரிய இடைத்தரகர் வந்து அமர்ந்திருக்கிறார். ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு உரிமைத்தொகை கிடையாது. 900 பேர் கேட்ட பாட்டு நிறுவனத்தின் சரக்குக் கிடங்கில் இருக்கும். பாடியவருக்கு ஒரு காசும் வராது. கோடிக்கணக்கில் கேட்கப்பட்டாலும் நிலைமை மாறிவிடுவதில்லை. நிலமற்ற உழைப்பாளரின் கதையைச் சொல்லி 2021 மார்ச்சில் வெளியான ‘என்ஜாய் எஞ்சாமி’ உலகெங்கும் ஒலித்தது. அந்தப் பாடலால் தனக்கோ அறிவுக்கோ தீக்கோ எந்த வருமானமும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். புகழ்பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், ஊர்ப்புறத்துப் பறையிசைக் கலைஞரும் கூத்துக் கலைஞரும் எதை எதிர்பார்க்க முடியும்?

சட்டம் எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2012இல் நாடாளுமன்றம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியது. திரைப்பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகை பெறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தாலும் அது செல்லாது என்றாயிற்று. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்ட தயாரிப்பாளர்களின் எதிர்ப்பை மீறி அது நிறைவேறியது. மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். வெளியில் கலைஞர்களும் ஒன்றுபட்டு நின்றார்கள். தனித்தனியே தங்கள் பாட்டை இலவசமாகத் தந்து எவரும் அந்த உரிமையைப் பெறவில்லை. ஆயினும் ஒப்பந்தமே இல்லாத நாட்டார் கலைஞரிடம் இந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை.

அப்படியானால் கேட்பவரிடம் காசு வாங்குவதுதான் வழியா? இல்லை. அதற்கான சான்றும் சித்தூர் மண்ணிலேயே இருக்கிறது. சித்தூர் மாவட்டத்திலும் அதை ஒட்டிய வட தமிழ்நாட்டு ஊர்களிலும் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்கள் நடக்கின்றன. பகலில் கதை சொல்வார்கள். இரவில் கூத்து விடியும்வரை நடக்கும். களத்தில் அமர்பவர் எவரும் சீட்டு வாங்குவதில்லை. ஆயினும் கூத்து இலவசமன்று. ஊர் வரி போட்டுக் கலைஞருக்குக் கூலி தருகிறது. கேட்பது எல்லோருக்கும் பொது. கலைஞரைக் காப்பதும் எல்லோருக்கும் பொது. இந்த ஏற்பாட்டில் சாதியின் கறை உண்டு. யார் வரி தரலாம், யார் எங்கே உட்காரலாம், யார் பறையடிக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த வரலாறு மறக்கத்தக்கதன்று. அந்தக் கறையைக் களைந்துவிட்டுப் பார்த்தால் எஞ்சும் நெறி, பாட்டைச் சரக்காக்காமல் பாடுபவரின் உழைப்பை மதிப்பதே.

இடதுசாரி இயக்கம் இந்த நெறிக்கு அந்நியமானதன்று. 1943இல் பம்பாயில் இந்திய மக்கள் நாடக மன்றம் உருவானது. அந்தக் காலத்தில் ஆந்திரத்தில் எழுந்த பிரஜா நாட்டிய மண்டலியில் ஷேக் நாசர் போன்றோர் புர்ரகதையை உழைக்கும் மக்களின் கலையாக ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். பாட்டு மக்களின் சொத்து என்பது அந்த மரபின் அடிப்படை.

அதே மரபில் ஒரு குறையும் தங்கிவிட்டது. பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் சுவரொட்டிக்கும் கணக்கு எழுதும் அமைப்புகள், மேடையில் தொண்டை வறளப் பாடும் தோழருக்குப் பேருந்துக் கட்டணமும் ஒரு துண்டும் போதும் என்று நினைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் பாட்டைச் செல்பேசியில் பதிவு செய்து பரப்பும்போது எழுதியவர் பெயரும் மெட்டமைத்தவர் பெயரும் விடுபட்டுப் போகின்றன. கூலி உயர்வு கேட்கும் மேடையில் பாடுபவருக்கே கூலி இல்லை என்பது பொருந்தாத செயல். இதைத் தோழமை என்று சொல்லி மூடி மறைக்க இயலாது.

செய்யக்கூடியவை எட்டாத உயரத்தில் இல்லை. ஒவ்வொரு மாநாட்டு வரவு செலவிலும் கலைஞர் கூலிக்கு ஒரு தலைப்பு இருக்க வேண்டும். பரப்பப்படும் ஒவ்வொரு பாட்டிலும் படைத்தோர் பெயர் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியம் இருக்கிறது. தகுதியுள்ள ஒவ்வொருவரையும் அதில் பதிவு செய்விப்பது கிளைகளின் வேலை. செயலி நிறுவனங்களோடு தனி ஒருவர் பேரம் பேச முடியாது, சங்கத்தால் முடியும்.

மாங்காய் விவசாயி கேட்பதும் பாடகர் கேட்பதும் ஒன்றே: தன் உழைப்புக்குத் தானும் விலை சொல்லும் உரிமை. அந்த உரிமை உள்ளவர் இலவசமாகத் தந்தால் அது கொடை. அந்த உரிமை இல்லாதவரிடமிருந்து எடுத்துக்கொண்டால், அதற்கு எத்தனை இனிய பெயர் சூட்டினாலும், அது பறிப்பே.