செப்பேடும் கேசட்டும்

சீர்காழி சட்டநாதர் கோயிலில் 2023 ஏப்ரலில் குடமுழுக்குப் பணிக்காக மண் தோண்டியபோது, 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. அவற்றைப் பொறித்தவர் யார், புதைத்தவர் யார் என்பது ஆராய்ச்சியாளர்களின் விஷயம். ஆனால் அவர்களுடைய எண்ணம் சாமானியருக்கும் விளங்கும். ஓலையைச் செல் அரிக்கும், செம்பு நிற்கும். அழியக்கூடிய பொருளிலிருந்து அழியாத பொருளுக்குப் பாடலை மாற்றிவிட வேண்டும் என்று ஒரு காலத்தார் கவலைப்பட்டிருக்கிறார்கள்.

அந்தக் கவலை இன்று வேறொரு பொருளைப் பற்றி எழுந்திருக்கிறது. 1990-களில் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் தொலைக்காட்சியோடு இணைத்துப் பிள்ளைகள் ஆடிய வீடியோ கேம் பெட்டியை இன்று நாற்பதைத் தொடுபவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலை 15-ந் தேதி வெளியிட்ட 'ஃபாமிகாம்' என்ற பெட்டியே அதற்கு மூலம். நம் ஊர்களுக்கு அதிகமாக வந்து சேர்ந்தவை அதைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள். மேலே செருகும் கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் பத்துப் பதினைந்தே திரும்பத் திரும்ப வரும். இருந்தும் சூப்பர் மாரியோவும் காண்ட்ராவும் ஒரு தலைமுறையின் கோடை விடுமுறையை நிரப்பின. அந்தப் பெட்டிகள் இன்று பரணில் துருவேறிக் கிடக்கின்றன. அல்லது பழைய இரும்புக்குப் போய்விட்டன.

ஆட்டங்கள் மட்டும் சாகவில்லை. உள்ளங்கை அகலமுள்ள கைக்கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. சாதாரணக் கைப்பேசியும் போதும். அவற்றில் 'எமுலேட்டர்' என்ற நிரல் ஓடுகிறது. பழைய பெட்டியின் சில்லு எந்தக் கட்டளைக்கு என்ன செய்திருக்குமோ, அதையே இந்த நிரல் ஒவ்வொன்றாகச் செய்து காட்டுகிறது. அந்தச் சில்லு வினாடிக்குச் சுமார் 18 லட்சம் முறை துடித்தது. அதற்கிருந்த வேலை நினைவகம் 2,048 பைட்டுகளே. முதல் சூப்பர் மாரியோ ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட்டில் அடங்கிவிட்டது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைப் போல் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது.

இவ்வளவு சிறிய பொருளை நகல் எடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். தீரவில்லை. சீர்காழி ஈன்ற இசைமணி கோவிந்தராஜன் 1988-ல் மறைந்தார். அவருடைய குரல் இசைத்தட்டிலிருந்து நாடாவுக்கும், அங்கிருந்து குறுந்தகட்டுக்கும், இப்போது கைப்பேசிக்கும் குடிமாறி வந்திருக்கிறது. ஒலிக்குப் பழைய கிராமபோன் தேவையில்லை. பல்லாங்குழிக்கும் பொறி தேவையில்லை. பலகை உடைந்தால் மண்ணில் 14 குழி தோண்டிப் புளியங்கொட்டையைப் போட்டு ஆடலாம். வீடியோ கேம் அப்படியன்று. கேசட்டில் இருப்பது ஒரு குறிப்பிட்ட பொறிக்கு இட்ட கட்டளை மட்டுமே. அந்தப் பொறி போய்விட்டால் கட்டளையை ஏற்பார் இல்லை.

அதுமட்டுமல்ல. பொறியின் குறையே சில சமயம் ஆட்டத்தின் உயிராகிவிடுகிறது. 1978-ல் ஜப்பானின் டைட்டோ கம்பெனி வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', கடைகளில் காசு போட்டு ஆடுவது. அதில் பகைவர் கூட்டம் குறையக் குறைய, மிஞ்சியவர்கள் வேகமாகப் பாய்வார்கள். சில்லுக்கு வரைய வேண்டிய உருவங்கள் குறைந்ததால் வந்த வேகம் அது. நெஞ்சு படபடக்கும் அந்த வேகமே ஆட்டத்தின் சுவை. இன்றைய சில்லின் வேகத்தில் அதே கட்டளையைக் கட்டுப்பாடின்றி ஓடவிட்டால் சுவையும் ஓடிவிடும். துப்பாக்கியால் வாத்துச் சுடும் 'டக் ஹண்ட்' ஆட்டத்தின் கதி இன்னும் மோசம். பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியில் ஒளி பளிச்சிடும் கணத்தை அந்தத் துப்பாக்கி உணர்ந்தது. இன்றைய தட்டைத் திரையில் அதே துப்பாக்கி குருடாகிவிடுகிறது.

தேவாரத்தின் சரித்திரமாக மரபு கூறுவதும் இதையே. தில்லையில் பூட்டிக் கிடந்த ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டபோது, செல்லரித்தது போக எஞ்சிய பாடல்கள் கிடைத்தன. ஆனால் அவற்றை எப்படிப் பாடுவது என்பது ஏட்டில் இல்லை. சீர்காழிப் பிள்ளையான சம்பந்தரோடு யாழ் வாசித்துச் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வழியில் வந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்த பிறகே பண்கள் மீண்டனவாம். எழுத்தை ஏடு காத்தது; இசையை ஒரு பரம்பரை காத்தது. இரண்டில் ஒன்று தவறியிருந்தாலும் தேவாரம் பாதியாகியிருக்கும். எமுலேட்டர் எழுதுகிறவர்கள் இன்று செய்வது அந்தப் பரம்பரையின் வேலை. பழைய பொறியின் நடையை அளந்து, அதன் தவறுகளையும் தவறாமல் எழுதிவைக்கிறார்கள். பெரும்பாலும் சம்பளமில்லாமல், ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள்.

"பிள்ளைகளின் விளையாட்டுக்கு இத்தனை ஆரவாரமா?" என்று சிலர் கேட்கலாம். ஒரு காலத்து மக்கள் எதில் மகிழ்ந்தார்கள் என்பதும் சரித்திரந்தான். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவிகிதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அந்நாட்டின் வீடியோ கேம் சரித்திர அறக்கட்டளை 2023-ல் கணக்கெடுத்துச் சொல்லிற்று. விற்பாரும் இல்லை, காப்பாரும் இல்லை என்றால் அந்தப் பொருள் என்னாவது?

மற்றோர் ஆட்சேபம் கனமானது. எமுலேட்டர் செய்வது குற்றமன்று என்ற கருத்துக்கு அமெரிக்க நீதிமன்றம் ஒன்று சோனி கம்பெனியின் வழக்கில் 2000-ஆம் ஆண்டிலேயே ஆதரவளித்தது. ஆனால் பிறருடைய ஆட்டங்களை ஆயிரக்கணக்கில் அடைத்து, கைக்கருவியோடு சேர்த்து விற்பது வேறு விஷயம். அது உழைத்தவன் கூலியைப் பறிப்பது. பாதுகாப்பு என்ற பெயரில் அதை மூடி மறைக்கக் கூடாது. உரிமையாளர்களும் ஒன்றை உணர வேண்டும். நியாயமான விலையில் நேர்வழி திறந்திருந்தால் குறுக்கு வழியில் கூட்டம் குறையும்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிரலை நேர்மையாகப் பெற்றவர் அழிவுக்கு எதிரான காப்பாக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. 2012-ல் செய்த திருத்தம், லாப நோக்கற்ற பொது நூலகம் தன் நூலை மின்னணு முறையில் பாதுகாக்கவும் அனுமதிக்கிறது. ஆனால் மின்னணு வடிவில் அல்லாத பிரதி ஒன்று அந்த நூலகத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அச்சுப் புத்தகத்துக்கு இது பொருந்தும். பிறவியிலேயே மின்னணுவாகப் பிறந்த ஆட்டத்துக்கு எப்படிப் பொருந்தும்? 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி புத்தகம் வெளியிடுவோர் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். நிரலுக்கும் ஆட்டத்துக்கும் அப்படி ஒரு கடமையே இல்லை.

இது விளையாட்டோடு நிற்கும் விஷயமும் அன்று. யூனிகோடு வருவதற்கு முன் தமிழ் எழுத்துக்குக் கணினியில் பல குறியீட்டு முறைகள் வழங்கின. 1999-ல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு 'டாம்', 'டாப்' என்று இரண்டைத் தரப்படுத்தியது. 'திஸ்கி'யும் உலகெங்கும் பரவியிருந்தது. அந்த முறைகளில் தட்டிய கோப்பு இன்றைய கணினியில் புரியாத குறிகளாய்த் தெரிகிறது. அதை மாற்றிப் படிக்கும் கருவியும், அதை எழுதிய பழைய நிரலும் மறைந்தால், தமிழ்க் கணினியின் முதல் தலைமுறை ஊமையாகிவிடும். ஆட்டத்தைக் காக்கும் கலையே அதையும் காக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது சிக்கலானதன்று. பொது நூலகங்களுக்குள்ள அந்த நிபந்தனையை மத்திய சர்க்கார் திருத்தி, கடையில் கிடைக்காத நிரல்களையும் ஆட்டங்களையும் காப்பதற்காக நகல் எடுக்கவும், நூலகத்துக்குள் இயக்கிப் பார்க்கவும் வழி செய்ய வேண்டும். தமிழ்நாட்டு நூலகங்களில் ஒன்றேனும் பழைய பெட்டிகளையும் கேசட்டுகளையும் நன்கொடையாகப் பெற்று, இயங்கும் நிலையில் வைக்கத் தொடங்க வேண்டும். பரணில் கிடப்பதைக் குப்பையில் எறியுமுன் பெற்றோரும் சற்று யோசிப்பது நலம். மண்ணுக்குள் பல காலம் கிடந்து செப்பேடு பிழைத்தது. கேசட்டுக்கு அந்த ஆயுள் கிடையாது.