நோயில் செத்த பன்றிக்கு இழப்பீடு இல்லை: இந்த விதி யாரைக் காப்பாற்றுகிறது?

ஒரே கொட்டகையில் இரண்டு பன்றிகள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் 100 கிலோவைத் தாண்டியவை. ஒன்று திங்கட்கிழமை இரவு காய்ச்சலில் செத்துவிடுகிறது. இன்னொன்றை அடுத்த வாரம் கால்நடைத் துறை ஊழியர்கள் வந்து கொன்று புதைக்கிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒரே நோய்தான். இரண்டாவது பன்றிக்கு உரிமையாளர் கையில் 15,000 ரூபாய் வரும். முதல் பன்றிக்கு? ஒரு ரூபாய்கூடக் கிடையாது.

இந்தக் கொட்டகை ஓர் உதாரணம்தான். ஆனால் விதி நிஜம். 2020 முதல் இந்தியாவின் பன்றி வளர்ப்போர் இந்த விதியோடுதான் வாழ்கிறார்கள்.

என்ன நோய் இது?

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். பெயரைக் கேட்டதும் 2009-ல் உலகை உலுக்கிய எச்1என்1 ஞாபகத்துக்கு வரலாம். அது வேறு, இது வேறு. இந்த வைரஸ் மனிதர்களைத் தொற்றுவதில்லை. பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும் மட்டுமே வரும். ஆனால் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. கடுமையான வகையில் இறப்பு கிட்டத்தட்ட 100 சதவீதம்.

1921-ல் கென்யாவில் முதன்முதலாகப் பதிவான இந்த நோய், 2007-ல் ஜார்ஜியாவுக்கும் 2018-ல் சீனாவுக்கும் வந்தது. 2020-ல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வியட்நாம் தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்திருந்தாலும், இந்தியாவில் பண்ணைகளுக்கான தடுப்பூசி இன்னும் வரவில்லை. ஆக, கையில் இருக்கும் ஒரே ஆயுதம்: நோய் உறுதியான இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் இருக்கும் எல்லாப் பன்றிகளையும் கொன்று புதைப்பது, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பது.

நோயே இல்லாத பன்றியையும் கொல்ல வேண்டியிருக்கும் என்பதால்தான் இழப்பீடு. செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. 2022-ல் வயநாட்டில் நோய் உறுதியானபோது 15 கிலோவுக்கு உட்பட்ட குட்டிக்கு 2,200 ரூபாய், 100 கிலோவுக்கு மேல் இருந்தால் 15,000 ரூபாய் என எடைவாரியாகத் தொகை வழங்கப்பட்டது. அங்கே அடுத்த மாதமே பணம் வந்தது. வடகிழக்கில் பலருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் ஏராளம்.

அப்போ சிக்கல் எங்கே?

'அரசு கொன்றால் பணம், நோய் கொன்றால் இல்லை' என்பதில்தான்.

ஒரு கிராமத்தில் பன்றி சாகத் தொடங்கினால் உடனே அழிப்பு உத்தரவு வந்துவிடாது. மாதிரி எடுக்க வேண்டும், ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர வேண்டும், அதன்பிறகு மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும். இந்த இடைவெளியில் வைரஸ் சும்மா இருப்பதில்லை. உத்தரவு வருவதற்குள் கொட்டகை பாதி காலியாகிவிடும். அந்தப் பாதி எந்தக் கணக்கிலும் வராது.

மிசோரத்தின் எண்களைப் பார்த்தால் இது புரியும். 2021-ல் அங்கே நோயால் செத்த பன்றிகள் 33,000-க்கும் மேல். அரசு கொன்றழித்தவை சுமார் 11,000. அதாவது இழந்த ஒவ்வொரு நான்கு பன்றிகளில் மூன்று, இழப்பீட்டு விதிக்கு வெளியே போய்விட்டன. வீட்டுக்குப் பின்னால் இரண்டு, மூன்று பன்றி வளர்த்து, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸையும் ஆஸ்பத்திரிச் செலவையும் சமாளிக்கும் குடும்பங்களின் பன்றிகள் அவை. நகரத்து மொழியில் சொன்னால், அந்தக் குடும்பத்தின் எமர்ஜென்சி ஃபண்ட்.

விதி நோயைப் பரப்புகிறதா?

கொஞ்சம் அந்த உரிமையாளர் இடத்தில் நின்று யோசிக்கலாம். காலையில் ஒரு பன்றி தீனி தொடவில்லை. காது சிவக்கிறது. இன்னும் 4 நாளில் அது செத்தால் கைக்கு எதுவும் வராது. இன்றைக்கே வியாபாரிக்கு விற்றால் பாதி விலையாவது தேறும். கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டால்? ஊர்ப் பன்றிகளையெல்லாம் கொல்ல வைத்தவர் என்ற கெட்ட பெயர்தான் மிச்சம்.

இந்த நிலையில் நிறையப் பேர் விற்கத்தான் நினைப்பார்கள். அதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தப் பன்றி வேன் ஏறி அடுத்த மாவட்டச் சந்தைக்குப் போகும். இந்த வைரஸ் உறைந்த இறைச்சியிலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கக்கூடியது. அந்த இறைச்சியின் மிச்சம் ஹோட்டல் கழிவாகி, வேகவைக்காமல் இன்னொரு பண்ணையின் தொட்டியில் விழுந்தால் போதும், கதை முதலிலிருந்து தொடங்கும்.

சீக்கிரம் தகவல் சொல்கிறவருக்கு நஷ்டம், மறைக்கிறவருக்குக் கொஞ்சமாவது லாபம். நோயைக் கட்டுப்படுத்த உருவான விதி ஏறக்குறைய எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

ஆனால் அரசு நிறைய மானியம் தருகிறதே?

தருகிறது, மறுப்பதற்கில்லை. தேசிய கால்நடை இயக்கத்தில் பன்றிப் பண்ணை தொடங்க மூலதனச் செலவில் 50 சதவீதம் மானியம் உண்டு. 100 தாய்ப் பன்றி, 10 கிடா கொண்ட பண்ணைக்கு உச்சவரம்பு 30 லட்சம் ரூபாய். தனிநபர், சுய உதவிக் குழு, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் எல்லோரும் விண்ணப்பிக்கலாம். கிசான் கிரெடிட் கார்டு கடனும் கால்நடை வளர்ப்போருக்கு விரிவாக்கப்பட்டிருக்கிறது.

தொழிலாகப் பார்த்தால் இதில் நியாயமும் இருக்கிறது. பன்றியின் சினைக்காலம் 114 நாள்; '3 மாதம், 3 வாரம், 3 நாள்' என்று பண்ணைக்காரர்கள் கணக்குச் சொல்வார்கள். வருடத்துக்கு இரண்டு ஈத்து, ஒரு ஈத்துக்கு 8 முதல் 10 குட்டிகள். வேறு எந்தக் கால்நடையும் இவ்வளவு வேகமாகப் பெருகி எடை போடுவதில்லை. ஐடி வேலையை விட்டுவிட்டு வெண்பன்றிப் பண்ணை வைக்க நினைக்கிற இளைஞர்களை இழுப்பதும் இந்தக் கணக்குதான்.

ஆனால் மானியம் கிடைப்பது தொடங்குவதற்கு. நிலம், வங்கிக் கடன், திட்ட அறிக்கை எல்லாம் கையில் இருப்பவர்தான் அந்த வாசல்வரைக்கும் போக முடியும். இரண்டு பன்றி வளர்ப்பவர் 100 பன்றித் திட்டத்துக்குள் எப்படி வருவார்? பெரிய பண்ணை போட்டவருக்கும் நிலைமை பாதுகாப்பாக இல்லை. ஒரே வாரத்தில் கொட்டகை காலியானால், மானியம் போக மீதி இருக்கும் வங்கிக் கடன் அப்படியே நிற்கும்.

2019-ன் 20-வது கால்நடைக் கணக்கெடுப்புப்படி நாட்டில் சுமார் 90.6 லட்சம் பன்றிகள். 2012-ஐவிட 12 சதவீதம் குறைவு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வருவதற்கு முந்தைய நிலைமை இது.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன?

தூரத்து வடகிழக்கின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஜூலையில் வயநாடு. 2023 ஜனவரியில் முதுமலையில் செத்துக்கிடந்த காட்டுப்பன்றிகளில் இதே வைரஸ். காட்டுக்குள் வந்த நோய்க்கு மாநில எல்லை தெரியாது. வயநாட்டு நோய்ப் பரவலை ஒட்டி, வெளி மாநிலப் பன்றிகளுக்குக் கேரளம் தற்காலிகத் தடை போட்டது. கேரளச் சந்தையை நம்பியிருந்த தமிழகப் பண்ணைகளில் நோயே இல்லாமலும் அடி விழுந்தது. எடை ஏறிய பன்றிக்குத் தினமும் தீனி போட வேண்டும், வாங்க ஆள் இல்லை. இந்த நஷ்டத்துக்கும் எந்தத் திட்டத்திலும் பெயர் இல்லை.

என்ன செய்யலாம்?

முதல் வேலை, விதியைத் திருத்துவது. தகவல் கொடுத்த நாளிலிருந்து நோயில் சாகும் பன்றிக்கும் இழப்பீடு வேண்டும். முழுத் தொகை முடியாவிட்டால் ஒரு பங்காவது தரலாம். இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஜெர்மனியில் பண்ணையாளர்களும் பணம் செலுத்தும் கால்நடை நோய் நிதியங்கள் உள்ளன. அரசு உத்தரவால் கொல்லப்பட்ட விலங்குக்கு மட்டுமின்றி, தகவல் சொல்வதற்கு முன்பே செத்ததற்கும் குறைந்த விகிதத்தில் அங்கே இழப்பீடு உண்டு. தாமதிக்காமல் சொல்பவருக்குக் கூடுதல், வேண்டுமென்றே மறைப்பவருக்கு ஒன்றுமில்லை. அங்கே மறைப்பதுதான் நஷ்டம்.

'செத்த பன்றிக்கெல்லாம் காசு என்றால் மோசடி நடக்காதா?' என்ற கேள்வி வரும். நடக்கலாம். அதற்குத்தான் பரிசோதனை. ஆய்வகம் வைரஸை உறுதிசெய்த கிராமத்தில், காதில் 12 இலக்க அடையாள வில்லை மாட்டிய பன்றிக்குத்தான் பணம் என்றால், அந்த வழி பெருமளவு அடைபடும். பன்றிக்கு வில்லை மாட்டுவதைப் பரவலாக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

இரண்டாவது, காப்பீடு. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை கால்நடைக் காப்பீட்டில் பயனாளியின் பிரீமியப் பங்கை 15 சதவீதமாகக் குறைத்தது. மீதியை அரசுகள் கட்டும். நல்ல மாற்றம்தான். ஆனால் கறவை மாட்டுக்குக் காப்பீடு எடுக்கச் சொல்லிக் கதவைத் தட்டும் ஊழியர், பன்றிக் கொட்டகைக்கும் போக வேண்டும். பாலிசி இந்த நோயையும் தெளிவாக உள்ளடக்க வேண்டும்.

மூன்றாவது, நேரம். வயநாட்டில் அடுத்த மாதமே வந்த பணம் வடகிழக்கில் ஏன் வரவில்லை? ஆறு மாதம் கழித்து வரும் 15,000 ரூபாய், அதற்குள் வாங்கிய கந்துவட்டிக்குத்தான் போகும். அடுத்த முறை அந்தக் குடும்பம் அதிகாரியை அழைக்காது.

பன்றி என்றாலே முகம் சுளிக்கும் சமூகத்தில் இந்தத் தொழிலுக்காகக் குரல் கொடுக்க ஆள் குறைவு. மாடு செத்தால் செய்தியாகிறது, கோழி செத்தால் முட்டை விலையாவது பேசப்படுகிறது. 33,000 பன்றிகள் செத்தது எத்தனை பேருக்குத் தெரியும்? அனுதாபம் வேண்டாம் என்றாலும், கணக்காவது சரியாக இருக்கட்டும். உண்மையைச் சொல்கிற பண்ணையாளருக்கு நஷ்டம் வராத விதி ஒன்று இருந்தால், தடுப்பூசி வரும்வரை நோயை நிறுத்த அதைவிட மலிவான வழி இல்லை.