காற்று நுழையும் வழியும் வெளியேறும் வழியும்



வாடகைக்கு வீடு பார்க்கச் செல்லுகையில் எவற்றை விசாரிக்கிறீர்கள்? முன்பணம் எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும், சபைக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்பவற்றையே. காற்று எப்பக்கம் நுழைந்து எப்பக்கம் வெளியேறும் என்று கேட்போர் நம்மில் வெகு சிலர். மே மாத இரவில் கைக்குழந்தை உறங்காமல் அழும்போதுதான் அக்கேள்வி எழுகிறது.

அகமதாபாத்தில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது நன்றாய்த் தெரியும். 2016 மே 20 அன்று அந்நகரின் வெப்பம் 48 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அதே நகரில்தான் 1960-களின் தொடக்கத்தில், எளிய குடும்பங்களுக்கென்று ஒரு வீட்டைக் கட்டடக்கலைஞர் சார்லஸ் கொரியா வடிவமைத்தார். குறைந்த செலவு வீடுகளுக்கான போட்டியில் முதற்பரிசு பெற்ற வடிவம் அது. அகலம் சுமார் 12 அடி, நீளம் சுமார் 60 அடி. குழாய் போல நீண்டிருந்ததால் குழாய் வீடு என்றே பெயர் பெற்றது.

அதன் சூத்திரம் எளியது. சூடான காற்று மேலே எழும். கூரையைச் சாய்வாக்கி, அதன் உச்சியில் ஒரு திறப்பை வைத்தார் கொரியா. உள்ளிருக்கும் வெக்கை சாய்வின் வழியே ஏறி அதன் மூலம் வெளியேறும். அவ்விடத்தை நிரப்ப, வாசலருகே இருந்த சாய்பலகைச் சட்டங்களின் வழியே புதுக்காற்று உள்ளே வரும். மின்சாரம் வேண்டியதில்லை. மாதிரியாகக் கட்டப்பட்ட அவ்வீடு பிற்காலத்தில் இடிக்கப்பட்டது வருத்தத்திற்குரியது.

நமது வீடுகளோ தட்டையான கான்கிரீட் கூரை உடையவை. மேல்மாடியில் குடியிருப்போர் இதைக் கவனிக்க வேண்டும்: கான்கிரீட் பகல் முழுதும் வெப்பத்தை உட்கொண்டு, இரவில் அதை அறைக்குள் விடுகிறது. மின்விசிறி அவ்வெக்கையையே கீழே தள்ளுகிறது. பகலில் வாடிய சரீரம் இரவிலும் தணியாவிட்டால் முதியோரும் சிசுக்களும் ஆபத்துக்குள்ளாவர். 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் அநேகர் மாண்டனர். அதன் பின்னரே 2013-இல் அந்நகரில் வெப்பச் செயல்திட்டம் உருவானது. வீட்டுக்காரரிடம் அனுமதி பெற்று, கோடைக்கு முன்னே மொட்டைமாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். வெயிலின் பெரும்பகுதியை அது திருப்பி அனுப்பிவிடும். சமையலறையின் உயரத்தில் உள்ள திறப்பை அட்டையால் அடைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

மும்பையிலிருந்து அகமதாபாத்திற்கு மாற்றலாகிச் செல்வோர் பழைய வழக்கத்தையும் கூடவே கொண்டு போகிறார்கள். அது உதவாது. அகமதாபாத்தின் கோடை உலர்ந்தது. பகலில் சன்னல்களை மூடித் திரையிட்டு, இரவில் திறக்க வேண்டும். நனைத்த வெட்டிவேர்த் தட்டி அங்கே நன்றாய்க் குளிர்விக்கும். மும்பைக் காற்றில் ஈரம் ஏற்கெனவே மிகுதி. அங்கே அதே தட்டி புழுக்கத்தையே கூட்டும். காற்று குறுக்கே ஓடுவதொன்றே அங்கு நிவாரணம்.

இதையும் கொரியா அறிந்திருந்தார். 1983-இல் முடிந்த மும்பையின் காஞ்சன்ஜங்கா மாடிக்கட்டடத்தில், கடற்காற்று மேற்கிலிருந்து வருவதைக் கண்டு வீடுகளைக் கிழக்கு மேற்காகத் திறந்துவைத்தார். ஆனால் மாலை வெயிலும் மழைச்சாரலும் அதே திசையிலிருந்தல்லவா வருகின்றன? ஆகவே மூலைகளில் இரண்டு தள உயரமுள்ள தோட்டத் தாழ்வாரங்களை அமைத்தார். பழைய பங்களாக்களைச் சுற்றியிருந்த வராந்தாவின் வேலையை அவை செய்தன. செல்வந்தர் வீடு நமக்கெதற்கு என்பீர்கள். நாமும் பால்கனி வைத்திருக்கிறோம். அதைக் கண்ணாடியால் அடைத்து அறையாக்கிவிடுகிறோம். பிள்ளைகள் படிக்க இடமில்லாத குடும்பத்தின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆயினும் வெயிலுக்கும் அறைக்கும் நடுவே நின்ற நிழல் அத்துடன் போய்விடுகிறது. அடைத்தே தீரவேண்டுமென்றால், முழுதும் திறக்கக்கூடிய சன்னல்களைப் போடுங்கள். வெளிப்புறத்தில் மூங்கில் தட்டி ஒன்றைத் தொங்கவிடுங்கள். உள்ளே மாட்டும் திரை, வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்த பிறகுதான் அதைத் தடுக்கிறது.