பொதுவும் தனியும்: நிரலாளர் கருவிகளின் அமைவுகள்

ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தவரின் கைப்பழக்கம் பாடத்தின் உள்ளே புகுந்துவிடுவதைச் சுவடிப் பதிப்பில் ஈடுபட்டோர் நன்கறிவர். மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமையும், எகர ஏகாரங்களை வேறுபடுத்திக் காட்டாமையும் சுவடி எழுத்தின் பொது இயல்பு. அதன்மேல் எழுதுவோரின் சொந்தப் பழக்கமும் சேர்ந்தபோது, எது புலவர் சொல், எது படியெடுத்தவர் சேர்த்தது என்று பிரித்தறிவது பதிப்பாசிரியர்க்குப் பெரும்பாடாயிற்று. அதே இடர்ப்பாடு இன்று கணிப்பொறி நிரல் எழுதுவோரிடையே வேறு வடிவில் தோன்றியுள்ளது. மென்பொருட் பணிக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்கள் இதனைக் கல்லூரியிலேயே அறிந்துகொள்ளுதல் நலம் என்பது எம் கருத்து.

நிரல் எழுத உதவும் ஒவ்வொரு கருவிக்கும் அமைவுகள் உண்டு. மாணவர் இவற்றைச் செட்டிங்ஸ் என்று வழங்குவர். யூனிக்ஸ் மரபில் கணிப்பொறி முழுமைக்கும் உரிய அமைவுகள் ஓரிடத்திலும், ஒவ்வொருவர்க்கும் உரியவை அவரவர் இல்லக் கோப்பகத்தில் புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்புகளிலும் வைக்கப்படுகின்றன. 2005ஆம் ஆண்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் கருவி, நிரலில் யார், எப்போது, எதனை மாற்றினார் என்னும் வரலாற்றைக் காத்து வருவது. அதில் கணிப்பொறிக்கு, ஆளுக்கு, பணித்திட்டத்துக்கு என அமைவுகள் மூன்று படிகளாக உள்ளன. ஒன்றோடொன்று முரண்படின், திட்டத்துக்குரியதே வெல்லும்.

எது பொது, எது தனி? பிறர் கைக்குச் செல்லும் நிரலை மாற்றக்கூடிய அமைவு பொது. என் கண்ணுக்கும் என் கைக்கும் மட்டும் உரியது தனி. வரி முடிவை எடுத்துக்கொள்வோம். விண்டோஸ் மரபில் வரியின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத குறிகள் இரண்டு, லினக்ஸில் ஒன்றே. ஆயிரம் வரிக் கோப்பில் ஒரு சொல்லைத் திருத்திய மாணவரின் எடிட்டர், சேமிக்கும்போது வரி முடிவுகள் அனைத்தையும் மாற்றிவிட்டால், ஆயிரம் வரிகளையும் அவரே எழுதியதாக வரலாறு காட்டும். உண்மையில் எழுதியவரைத் தேடிச் செல்வோர் திகைத்து நிற்பர். ஆகவே இதனைத் தனியொருவர் விருப்பத்துக்கு விடுதல் தகாது. கிட் ஆட்ரிபியூட்ஸ், எடிட்டர்கான்ஃபிக் முதலிய கோப்புகளில் எழுதி, நிரலோடு சேர்த்தே வைக்க வேண்டும். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. கிட்டின் மூன்றாம் படி அமைவு திட்டத்துக்குரியது எனப்படினும், திட்டத்தைப் படியெடுப்போருடன் அது செல்வதில்லை. இயங்கக்கூடிய கட்டளைகளையும் அதில் எழுதலாம் ஆதலின், அயலார் எழுதியது நம் கணிப்பொறியில் தானே புகுதல் தீங்காகும்.

இனி, ஆய்வகத்துக்கு வருவோம். பல கல்லூரிகளில் ஒரு கணிப்பொறியை ஒரே பயனர் பெயரில் மாணவர் பலர் மாறிமாறிப் பயன்படுத்துகின்றனர். காலையில் வந்த மாணவி தம் பெயரையும் மின்னஞ்சலையும் ஆளுக்குரிய படியில் எழுதிவிட்டுச் செல்கிறார். மாலையில் வரும் மாணவர் செய்யும் பணி முழுவதும் காலையில் வந்தவர் பெயரிலேயே பதிவாகிறது! பிழை ஒன்று நேர்ந்தால் பழி அவரைச் சேரும். நற்பணி எனின் உழைத்தவர்க்குப் பெயரில்லை. யாரும் வஞ்சகம் செய்யவில்லை. தனிக்குரியது பொதுவிடத்தில் இருந்தது, அவ்வளவே. ஆசிரியப் பெருமக்கள் இதனை எளிதில் தடுக்கலாம். ஆளுக்குரிய படியில் உள்ள பெயரை நீக்கிவிட்டு, பெயர் எழுதப்படாவிடில் பதிவை ஏற்க மறுக்கும் அமைவைக் கணிப்பொறிக்குரிய படியில் இடலாம். பின்னர் ஒவ்வொரு மாணவரும் தம் திட்டத்துக்குரிய படியில் தம் பெயரை எழுதிக்கொள்வர். மதிப்பெண் வழங்குவோர்க்கு இது சிறு செய்தியன்று.

பொது என்பதன் பெயரால் தனியுரிமையை விழுங்குவதும் தவறே. 2001இல் எழுதப்பட்ட பைத்தான் நடைக்குறிப்பு, வரியை உள்தள்ள நான்கு வெற்றிடங்களைப் பரிந்துரைக்கிறது. லினக்ஸ் கருவின் நடைக்குறிப்போ எட்டிட அகலமுள்ள டேப்பை வேண்டுகிறது. கோ மொழியின் ஒழுங்குசெய் கருவியும் டேப்பையே இடுகிறது. இவற்றுள் எது சிறந்தது என்னும் வாதத்தில் நிரலாளர் செலவிட்ட நேரத்துக்கு அளவில்லை. பெரும்பாலும் அது வீண் வாதம். ஆயினும் ஒரு கருத்தை மட்டும் புறந்தள்ள இயலவில்லை. பார்வை குன்றியவர் எழுத்தை மிகப் பெரிதாக்கிப் படிக்கிறார். வெற்றிடங்களால் உள்தள்ளிய நிரலில் அவர் திரையின் பாதி வெறுமையாகப் போகும். டேப் ஆயின், அதன் அகலத்தை அவர் தம் எடிட்டரில் சுருக்கிக்கொள்ளலாம்; கோப்பில் ஓர் எழுத்தும் மாறாது. புதிதாகத் தொடங்கும் திட்டங்களில் எம் வாக்கு டேப்புக்கே. எழுத்தளவையும் திரை நிறத்தையும் பொதுக் கோப்பில் எழுதி எல்லார் மீதும் சுமத்தும் குழுக்களும் உள்ளன. இஃது அடாத செயல்.

கடவுச்சொற்கள் பொதுவிலும் சேரா. நிரலுக்குள் எழுதப்படவும் கூடா. ஒருமுறை பதிவாகிவிட்டால், பின்னர் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது நிலைத்திருக்கும். கடவுச்சொல்லையே மாற்றுவதன்றி வேறு வழியில்லை. அயலார் திட்டத்தோடு வரும் அமைவுகளிலும் எச்சரிக்கை தேவை. 2021 முதல் விஷுவல் ஸ்டுடியோ கோடு, புதிய கோப்பகத்தைத் திறக்கும்போது அதனை எழுதியவரை நம்புகிறீர்களா என்று வினவுவது இதனாலேயே. படிக்காமல் ஆம் என்போரே மிகுதி.

தமிழில் எழுதுவோர் இப்பொது-தனி வேறுபாட்டை வேறொரு வழியில் முன்பே பட்டறிந்தனர். 1990களில் எழுத்துருவுக்கு ஒரு குறியீட்டு முறையாக இருந்தமையால், ஒருவர் கோப்பு மற்றவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு குறியீட்டையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்த முயன்றது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. இன்று எடிட்டர்கான்ஃபிக் கோப்பில் யூடிஎஃப்-8 என ஒரு வரி எழுதினால், குழுவினர் அனைவரும் தமிழை ஒரே குறியீட்டில் சேமிப்பர். விசைப்பலகை மட்டும் அவரவர் விருப்பம். ஒருவர் தமிழ்99 முறையிலும், மற்றொருவர் பழைய தட்டச்சு முறையிலும், வேறொருவர் ஆங்கில ஒலிப்பு முறையிலும் 'ஞாயிறு' என்று அடிக்கலாம். எவ்விசையால் வந்தது அச்சொல் என்பது கோப்பில் எங்கும் பதிவாவதில்லை.