உறைந்த எண்ணெயும் ஒற்றை நட்சத்திரமும்

கேள்வி: மார்கழிக் குளிரில் உறைந்த செக்குத் தேங்காய் எண்ணெயை, ‘மெழுகு கலப்படம்’ என்று ஒருவர் கூகுளில் எழுதி, ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார். அதை நீக்க வழி உண்டா?

– வாசகி, பொள்ளாச்சி.

பதில்: விற்பவரே நீக்க முடியாது. பொய்ப் பதிவு, ஆபாசம், மிரட்டல் என்றால் கூகுளிடம் புகார் செய்யலாம். வாங்கியவர் குறை சொன்னதற்காக மட்டும் எடுக்க மாட்டார்கள். ஆனால், அந்தப் பதிவுக்குக் கீழேயே பதில் எழுதலாம். அதைப் படிப்பது குறை சொன்னவர் மட்டுமல்ல. அடுத்து வாங்க நினைப்பவர்களும்தான். அதனால் சண்டை வேண்டாம்.

‘தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைவது இயல்பு. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகும். சந்தேகம் தீராவிட்டால் திருப்பிக் கொடுங்கள். பணம் தருகிறோம்’ என்று எழுதுங்கள். சொன்னபடி பணத்தையும் கொடுங்கள். உறைவது மட்டுமே சுத்தத்துக்குச் சான்றாகாது. ஆய்வக அறிக்கை இருந்தால் அதையும் படமெடுத்துப் போடுங்கள். உறையும் விவரத்தை லேபிளிலேயே அச்சிட்டால் பாதிக் குறைகள் வராது.

வழக்கமாக வாங்குபவர்களிடம், ‘உள்ளதை எழுதுங்க’ என்று கேட்கலாம். தள்ளுபடி கொடுத்து எழுத வைப்பதும், வீட்டாரை வைத்துப் புகழ வைப்பதும் கூகுள் விதிக்கு விரோதம். பிடிபட்டால் உண்மையான பாராட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.